கழற்றி மாட்டும் கைகள்

தீபாவளிக்கு மறுநாள், தி.நகரில் அக்கா வீட்டில், அவள் மகனின் பொம்மையை உடைத்துவிட்டேன்.

பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று சொல்ல வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஜப்பானிய வாள்வீரன். பொங்கல் காசு, பிறந்தநாள் காசு, தாத்தா கொடுத்தது என்று ஒரு வருடம் சேர்த்து வாங்கியது. பெட்டியில் வீரனோடு எட்டுக் கைகள் இருந்தன. முஷ்டி ஒரு ஜோடி, விரல்கள் விரிந்தது ஒரு ஜோடி, வாள் பிடிப்பது ஒரு ஜோடி, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல் பாதி மடங்கியது ஒரு ஜோடி. வேண்டியதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

"குடுடா, நான் மாத்தித் தரேன்" என்று வாங்கினேன். வலது முஷ்டி இறுக்கமாக இருந்தது. திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். மணிக்கட்டில் இருந்த முளையில் பாதி முஷ்டிக்குள்ளும் மீதி முன்கைக்குள்ளும் போய் மாட்டிக்கொண்டது. இனி எந்த வலது கையும் ஏறாது.

"விடுங்க மாமா, பரவால்ல" என்றான். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் உடைந்தது என்று அன்றிரவே தேட ஆரம்பித்தேன். இந்த வகை உருவங்களில் கை மிருதுவான பி.வி.சி.யில் இருக்கும்; அதைத் தாங்கும் முளை வேறொரு கெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கும். முளையின் தடிமன் ஊசியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். துளைக்குள் பெயின்ட் கசிந்து காய்ந்திருந்தால் கை பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் தாங்கும் முளை, திருகினால் முறிந்துவிடும். கையை மட்டும் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டிருந்தால் பி.வி.சி. இளகித் துளை விட்டுக்கொடுத்திருக்கும். சில நிறுவனங்கள் உபரி முளையையும் பெட்டியிலேயே வைக்கின்றன. உடையும் என்று அவர்களுக்கே தெரியும். இவன் பெட்டியில் அது இல்லை.

ஆனால் கைதான் உடையும் என்பது பழைய கதை. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயைக் கொண்டுவந்தது. சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், மடங்கும் மூட்டுகள். 'பொம்மை' என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல்லையே அப்போது உருவாக்கினார்கள். என் மருமகனின் கோபத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கை மடங்கியது, முட்டி மடங்கியது, விரல்கள் மட்டும் கெட்டியாகவே இருந்தன. துப்பாக்கியைக் கையில் நிறுத்துவதே பெரும்பாடு.

பிரிட்டனில் இதன் சகோதரனான ஆக்‌ஷன் மேன் 1973இல் பிடிக்கும் கைகளைப் பெற்றான். அடுத்த ஆண்டு ஜி.ஐ. ஜோவுக்கும் அது வந்தது. குங்ஃபூ காய்ச்சல் அடித்த காலம் என்பதால் பெயரும் 'குங்ஃபூ பிடி'. மிருதுவான வினைலில் செய்த விரல்கள். விரித்துவிட்டால் தானே மூடிக் கயிற்றைப் பற்றும். ஆனால் வருடங்கள் போகப்போக அந்த வினைல் இறுகி வெடித்தது. இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பல சிப்பாய்களுக்கு உடல் முழுசாக இருக்கும், விரல்கள் உதிர்ந்திருக்கும். இதற்கிடையே ஜப்பானில் டகாரா நிறுவனம் 1972இல் கண்ணாடிபோல் உடல் தெரியும் சைபோர்க் ஒன்றை விற்றது. அதன் கையைக் கழற்றி ஆயுதக் கையை மாட்டலாம். கை மாற்றும் யோசனை அங்கே அப்போதே வேர்விட்டுவிட்டது.

1982இல் ஜி.ஐ. ஜோ பத்து சென்டிமீட்டருக்குச் சுருங்கித் திரும்பி வந்தான். இந்தச் சின்ன ஜோதான் சென்னையோடு சம்பந்தப்பட்டவன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்கான பலூன் செய்து ஆரம்பித்த தொழில்தான் பின்னால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப். ஆனது. டயரில் பெரிய ஆளான அந்த நிறுவனம் 1987இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. பலூனில் தொடங்கி, டயர் வழியாக, நாற்பது வருடம் கழித்து மறுபடி பொம்மைக்கே வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் தலைமுறையின் ஜோ அதுதான். அப்பா பாண்டி பஜாரில் வாங்கிக் கொடுத்த மூன்று பேர் என்னிடம் இருந்தார்கள். உடலின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருக்கும். வளையம் நைந்தால் ஆள் இடுப்போடு இரண்டாகிவிடுவான். அதை வேறு வளையம் போட்டுச் சரிசெய்யலாம். கட்டைவிரலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. துப்பாக்கியை ஒரு தடவை அழுத்திச் செருகினால் போதும், போய்விடும். என் மூன்று சிப்பாய்களும் கட்டைவிரல் இல்லாமல்தான் போரிட்டார்கள். எல்லாவற்றையும் பிடிக்க ஒரே கை என்றால் அது எதையும் சரியாகப் பிடிக்காது.

இதற்குப் பதிலாகத்தான் 2008இல் ஜப்பானில் ஃபிக்மா, எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் என்று இரண்டு வரிசைகள் வந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கை. விரல் பிழைத்தது, மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. மாற்ற முடிகிற இடமே உடைகிற இடமும் ஆயிற்று.

அடுத்த வாரம் பையனையும் கூட்டிக்கொண்டு உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு நகைப்பட்டறைக்குப் போனேன். மூக்குத்தித் திருகாணிக்கு ஓட்டை போடுகிறவருக்கு இது பெரிய வேலையா? பத்தர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் தொளைச்சுப் பித்தளைக் கம்பி வெச்சுடலாம் சார். ஆனா ஒட்டித்தான் ஆகணும். கழட்டிக் கழட்டி மாட்டுனா அடுத்தவாட்டி முன்கையே பொளந்துக்கும். ஒரே கைதான். எந்தக் கைன்னு தம்பி சொல்லட்டும்."

பையன் நாலு வலது கைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். "யோசிச்சு சொல்றேன் அங்கிள்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவனை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். ஒரே கையோடு காலம் தள்ளுகிறவர்கள் அங்கேதான் கூட்டமாக இருக்கிறார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கையும் உடலும் ஒரே வார்ப்பு. மணிக்கட்டில் இணைப்பே கிடையாது. அபயம் காட்டிய கை ஆயிரம் வருடமானாலும் அபயம்தான்.

ராமர் முன்னால் பையன் நின்றுவிட்டான். "வில் எங்க மாமா?" இடது கை உயர்ந்து, விரல்கள் வளைந்து, நடுவே ஓர் இடைவெளி. வலது கை அம்புக்காக மடங்கியிருக்கிறது. வில்லும் அம்பும் தனியாகச் செய்து கையில் வைப்பவை. மியூசியத்துக்கு வரும்போது அவை கூடவே வருவதில்லை. பக்கத்திலிருந்த அம்மனின் வலது கையைக் காட்டினேன். கடக முத்திரை. விரல்நுனிகள் கூடி ஒரு வளையம்போல் இருக்கும். கோயிலில் அதில் ஒரு பூ செருகுவார்கள். இன்றைக்கு அல்லி, நாளைக்கு வேறு. ஜப்பான்காரர்கள் கையை மாற்றினார்கள். நம் ஸ்தபதிகள் கையை விட்டுவிட்டுப் பூவை மாற்றினார்கள்.

இதிலும் இழப்பு உண்டு. திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனர், காளைமேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். காளை இல்லை. வெறும் காற்றில் ஊன்றிய அந்தக் கையைப் பார்க்கவே ஜனங்கள் போகிறார்கள்.

நடராஜர் அருகே உட்கார்ந்து அவனுக்கு ரோதானைப் பற்றிச் சொன்னேன். இந்த மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பாரிஸில் பார்த்துவிட்டு 1913இல் அந்தச் சிற்பி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்தபின் 1921இல் அது அச்சானது. அதே ரோதான் தன் பட்டறையில் இழுப்பறை இழுப்பறையாகப் பிளாஸ்டர் கைகளும் கால்களும் வைத்திருந்தவர். ஒரு சிலையின் கையை எடுத்து இன்னொன்றில் ஒட்டிப் பார்ப்பார். 1908இல் அவர் செய்த 'கதீட்ரல்' என்ற சிற்பத்தில் இரண்டு கைகள் கூம்பி நிற்கும். உற்றுப் பார்த்தால் இரண்டுமே வலது கைகள், அதாவது இரண்டு பேருடையவை.

"எங்க செட்ல ஒருத்தனுக்கு அப்படித்தான் வந்துச்சு மாமா. ரெண்டு ரைட் ஹேண்ட். ரிட்டர்ன் பண்ணிட்டான்" என்றான்.

கையைக் கழற்றி மாட்டியே வாழ்ந்த மனிதர், கழற்றவே முடியாத கைகளின் படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பையன் மறுபடி ராமரிடம் போயிருந்தான்.

திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான். முஷ்டியைத்தான் எடுப்பான் என்று எதிர்பார்த்தேன். பாதி மடங்கிய கையைப் பத்தரிடம் நீட்டினான்.

"இதுல வாள் கெட்டியா நிக்காதே தம்பி" என்றார் அவர்.

"நிக்காது. ஆனா எத வெச்சாலும் கொஞ்சம் நிக்கும்."

பத்தர் துளையிட்டு, கம்பியை வெட்டி, பசை தொட்டு இறுக்கினார். காசு வாங்கவில்லை. இப்போது அந்த வீரன் அக்கா வீட்டு ஷோகேஸில் நிற்கிறான். வாளை இடது கைக்கு மாற்றியாகிவிட்டது. வலது கையில் போன வாரம் ஒரு தீக்குச்சி இருந்தது. நேற்று போனபோது அக்கா தொட்டியிலிருந்து கிள்ளிய துளசி இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.