கொண்டைக்கடலையும் குட்டி பூட்ஸும்

பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு என்ன பட்டப்பெயர்? சத்தமாகச் சொல்ல வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

எனக்கு ‘ஒட்டடைக்குச்சி’. வைத்தவர் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். அப்போது என் கை, கால் எல்லாம் அந்த லட்சணத்தில்தான் இருந்தன என்பதால் அப்பீலுக்கு வழியில்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள், எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டியும் கையுமாக நிற்கிறேன். பின்னாலிருந்து ‘டேய் ஒட்டடை!’ என்று ஒரு குரல். தொப்பை விழுந்து, கண்ணாடி போட்டு, பேரன் எடுக்கிற வயசில் சட்டென்று திரும்பினேன் பாருங்கள்! கூப்பிட்டவன் தலையில் ஒரு முடி இல்லை. ‘யாருங்க ஒட்டடை?’ என்று பக்கத்தில் மனைவி. அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபமா, சந்தோஷமா என்று இன்றுவரை தெளிவில்லை.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜசபையில் மரியாதையோடு சூட்டுவதும் பட்டப்பெயர்தான். கடைசி பெஞ்சில் கிண்டலாக வைப்பதும் பட்டப்பெயர்தான். இரண்டையும் நமக்கு அடுத்தவர்தான் வைக்க வேண்டும். (தனக்குத் தானே வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விடுங்கள்.) இந்த இரண்டு வகைப் பட்டப்பெயருக்கும் நடுவில் ஒரு சாம்ராஜ்யமே கிடந்து அல்லாடியிருக்கிறது. ரோம்!

ரோமானியர்களிடம் உலகத்தில் பாதி இருந்தது. பெயர் மட்டும் இல்லை. ஆண் குழந்தைக்கு வைக்க முதல் பெயர் என்று பரவலாகப் புழங்கியது ஏறக்குறைய ஒன்றரை டஜன்தான். மார்க்கஸ், லூசியஸ், கையஸ், பப்ளியஸ்... திரும்பத் திரும்ப இதுவே. நாம் இனிஷியல் போடுகிற மாதிரி அதையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிக் கல்லில் வெட்டினார்கள். ‘எம்’ என்றால் மார்க்கஸ், ‘எல்’ என்றால் லூசியஸ். அதற்கு அடுத்தது குலப்பெயர். அதுவும் ஊரில் ஏகப்பட்ட பேருக்குப் பொது. அதனால் ஆளை அடையாளம் பிரிக்க மூன்றாவதாக ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் நிறைய, அப்பட்டமான கேலிப் பெயர்கள்! எவரோ ஒரு கொள்ளுத் தாத்தாவின் அங்க லட்சணத்தைப் பார்த்து ஊர் வைத்தது, வம்சத்துக்கே நிலைத்துவிட்டது.

கவிஞர் ஓவிட்டின் மூன்றாம் பெயர் நாஸோ. அதாவது மூக்கன். ஹோரஸுக்கு ஃப்ளாக்கஸ், தொங்கு காதுக்காரர். மாவீரர் பாம்ப்பேயின் அப்பா பெயர் ஸ்ட்ராபோ, மாறுகண். புரூட்டஸ் என்றால் மந்தம். ‘சீஸர்’ என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, அடர்த்தியான தலைமுடி. அந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன ஜூலியஸ் சீஸருக்கோ வழுக்கை! அதில் அவருக்குத் தீராத வருத்தம். செனட் கொடுத்த கௌரவங்களிலேயே எப்போதும் வெற்றிமாலை சூடிக்கொள்ளும் உரிமைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். காரணம் புரிகிறதல்லவா?

பெண்களின் கதை இன்னும் பரிதாபம். அவர்களுக்குத் தனிப் பெயரே கிடையாது. அப்பாவின் குலப்பெயரைப் பெண்பாலாக்கினால் முடிந்தது. ஜூலியஸ் குலமா, ஜூலியா. ஒன்றுக்கு மேல் பிறந்தால்? நம்பர்! புரூட்டஸின் தங்கைகள் ஜூனியா முதலாமவள், ஜூனியா இரண்டாமவள், ஜூனியா மூன்றாமவள்.

இப்போது சிஸரோவுக்கு வருவோம். ரோம் கண்ட மிகப் பெரிய பேச்சாளர். சிஸரோ என்ற பெயர் கொண்டைக்கடலையிலிருந்து வந்தது. முன்னோர் ஒருவருக்கு மூக்கு நுனியில் கடலை மாதிரி ஒரு பிளவு இருந்ததாம். சிஸரோ சின்ன ஊரிலிருந்து வந்தவர், பரம்பரைப் பெருமை எதுவும் இல்லாதவர். அரசியலில் இறங்கும்போது நண்பர்கள் கவலைப்பட்டார்கள். ‘கொண்டைக்கடலை என்று பெயரை வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? மாற்றிக்கொள்ளேன்.’ அதற்கு அவர், ஸ்காரஸ், காட்டுலஸ் போன்ற பெயர்களைவிட இதைப் பெரிய பெயராக்கிக் காட்டுகிறேன் என்றாராம். இதில் உள்குத்தைக் கவனியுங்கள். அந்த இரண்டும் ரோமின் மகா பெரிய குடும்பங்கள். ஸ்காரஸ் என்றால் கணுக்கால் வீங்கியவர். காட்டுலஸ் என்றால் நாய்க்குட்டி!

கி.மு. 75-ல் சிஸிலித் தீவில் அதிகாரியாக இருந்தபோது கடவுளுக்கு ஒரு வெள்ளிப் பாத்திரம் காணிக்கை கொடுத்தார். ‘மார்க்கஸ், டல்லியஸ் என்று இரண்டு பெயரை மட்டும் எழுது. மூன்றாவதற்குப் பதில் ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கிவிடு’ என்று பொற்கொல்லரிடம் சொன்னாராம். இது புளூடார்க் சொல்லும் கதை. ஊர் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது. பன்னிரண்டு வருஷத்தில், கி.மு. 63-ல், அந்தக் கொண்டைக்கடலை ரோமின் கான்சல்!

இதே சிஸரோ தன் மகளை என்னவென்று கூப்பிட்டார் தெரியுமா? சட்டப்படி அவள் டல்லியா. கடிதங்களில் அவர் அவளை ‘டல்லியோலா’ என்கிறார். நம் ஊரில் ‘குட்டிம்மா’ என்கிறோமே, அந்த மாதிரி. குலத்தின் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லாத ஒரு பெண்ணுக்கு, அவளுக்கே அவளுக்கு என்று கிடைத்த ஒரே பெயர் அப்பா வைத்த அந்தச் செல்லச் சுருக்கம்தான். கி.மு. 45-ல் பிரசவத்துக்குப் பிறகு அவள் இறந்தபோது சிஸரோ உடைந்துபோனார். அவளுக்கு ஒரு கோயில் கட்டப் போகிறேன் என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார்.

சிஸரோவைப்போல எல்லோருக்கும் மனசு வராது. ஆக்டேவியன் விஷயத்தைப் பாருங்கள். சின்ன வயசில் அவருக்குத் ‘தூரினஸ்’ என்று ஒரு பெயர் ஒட்டியிருந்தது. அப்பா ‘தூரி’ என்ற இடத்துப் பக்கம் ஒரு சண்டையில் ஜெயித்ததாலோ, பூர்வீகம் அந்தப் பக்கம் என்பதாலோ வந்த பெயர். கி.மு. 44-ல் சீஸர் கொலையுண்டபோது, அவரது உயில் இந்தப் பதினெட்டு வயசுப் பையனைத் தத்துப்பிள்ளையாக்கியது. அந்த நிமிஷத்திலிருந்து பையன் ‘சீஸர்’. பழைய பெயர்களைத் துடைத்துப் போட்டுவிட்டார். நாமெல்லாம் பரீட்சையில் எழுதிய ‘ஆக்டேவியன்’ அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை! மார்க் ஆண்டனி மட்டும் விடாமல் கடிதத்துக்குக் கடிதம் ‘தூரினஸ்’ என்று குத்திக்கொண்டிருந்தார். ‘என் பழைய பெயரைச் சொல்வது எப்படித் திட்டாகும் என்றுதான் ஆச்சரியமாக இருக்கிறது’ என்கிற தினுசில் ஒரு பதில் போனது. அசராத ஆசாமி. கி.மு. 27-ல் செனட் அவருக்கு ‘அகஸ்டஸ்’ பட்டம் சூட்டியது. அதோடு தூரினஸ் காலி.

ஆனால், நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து, அதே சூட்டோனியஸ் கையில் ஒரு சின்ன வெண்கலப் பொம்மை கிடைத்தது. சின்னப் பையனின் உருவம். அதில் இரும்பு எழுத்தில், தேய்ந்துபோய், ‘தூரினஸ்’. அதைத் தன் காலத்துச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொடுத்ததாகவும், அவர் அதைப் படுக்கையறையில் குலதெய்வங்களோடு வைத்துப் பூஜித்ததாகவும் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

அகஸ்டஸுக்கு அடுத்து டைபீரியஸ். முழுப் பெயர் டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ. ஆசாமி நன்றாகக் குடிப்பார் என்பதால் ராணுவ முகாமில் அதை ‘பைபீரியஸ் கால்டியஸ் மீரோ’ என்று திரித்துவிட்டார்கள். குடிகாரன், சூடான சரக்கு, தண்ணீர் கலக்காதது என்று லத்தீனில் அர்த்தம் வரும்! எல்லா ஊர் பேரக்ஸிலும் இதே புத்திதான் போலிருக்கிறது.

அதே ராணுவம்தான் இன்னொரு பெயரும் வைத்தது. இந்த முறை ஆசையோடு. ரைன் நதிக்கரை முகாமில் தளபதி ஜெர்மானிக்கஸின் குழந்தைக்கு அவன் அம்மா அக்ரிப்பினா சிப்பாய் மாதிரி உடுப்புத் தைத்துப் போட்டு, காலில் குட்டியாக ராணுவச் செருப்பும் மாட்டிவிட்டாள். ரோமானியச் சிப்பாயின் கனத்த செருப்புக்குக் ‘காலிகா’ என்று பெயர். குட்டிச் செருப்பு... ‘காலிகுலா’! முரட்டு ஆட்கள் நடுவே தளர்நடை போடும் ரெண்டு வயசுக் குழந்தை. கி.பி. 14-ல் அங்கே பெரிய கலகம் வெடித்தது. பயந்துபோன தளபதி மனைவியையும் குழந்தையையும் வெளியூருக்கு அனுப்ப, ‘நம்ம குழந்தை நம்மைப் பார்த்துப் பயந்து போகிறதே’ என்று வெட்கப்பட்டே சிப்பாய்கள் அடங்கினார்களாம்.

குழந்தை வளர்ந்தது. அப்பா இறந்தார். அம்மாவையும் இரண்டு அண்ணன்களையும் டைபீரியஸ் ஆட்சி விழுங்கிவிட்டது. கி.பி. 37-ல் இருபத்துநாலு வயசில் காலிகுலா சக்கரவர்த்தியானபோது, வழியெல்லாம் ஜனங்கள் ‘என் நட்சத்திரமே, கோழிக்குஞ்சே’ என்று கொஞ்சினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கொஞ்சலே அவருக்கு விஷமாகிவிட்டது. காலிகுலா என்று வாய் தவறிக் கூப்பிட்ட ஒரு மூத்த ராணுவ அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது என்கிறார் செனகா. இன்னொருத்தர் வெறுமனே ‘கையஸ்’ என்று வணக்கம் சொன்னார், அதுவும் குற்றம். அவருடைய நாணயங்களில் கையஸ் சீஸர் அகஸ்டஸ் ஜெர்மானிக்கஸ் என்று வரிசையாகப் பட்டம் இருக்கும். குட்டிச் செருப்பு மட்டும் இருக்காது.

தன் பெயரை மறைப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்தவர் பெயரிலும் கை வைத்தார். பாம்ப்பேயின் வழியில் வந்த ஓர் இளைஞனுக்கு, வம்சப் பட்டமான ‘மேக்னஸ்’ இருந்தது. மகத்தானவன் என்று பொருள். ‘இனி உனக்கு அது கிடையாது’ என்று பிடுங்கிக்கொண்டார். (அடுத்து வந்த கிளாடியஸ் அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்து, மகளையும் கட்டிக்கொடுத்து, சில வருஷம் கழித்துத் தலையை எடுத்தார். செனகா இதை வைத்து அடித்த கிண்டல் ரொம்பப் பிரசித்தம்.)

இனி காசியஸ் கேரியா. மெய்க்காவல் படை அதிகாரி. வயசானவர், குரல் மட்டும் மென்மையானது. காலிகுலாவுக்கு அது போதாதா? காவல் படைக்கு அன்றன்றைக்கு ஓர் அடையாளச் சொல் உண்டு. அதைச் சக்கரவர்த்தியிடம் கேட்டு வாங்கி மற்றவர்களுக்குச் சொல்வது கேரியாவின் வேலை. அவர் முறை வந்தாலே ‘வீனஸ்’ என்பார் காலிகுலா. இல்லாவிட்டால், இந்தப் பத்திரிகையில் விளக்க முடியாத ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்வார். அதைச் சுமந்துபோய் சக அதிகாரிகள் முன்னால் கேரியா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறையும் அதே.

இந்தக் கேரியா யார் தெரியுமா? ரைன் நதிக்கரையில் அந்தக் கி.பி. 14 கலகம் நடந்தபோது, சூழ்ந்துகொண்ட கலகக்காரர்களைத் தன் ஒற்றை வாளால் விலக்கி வழி பிளந்து வெளியே வந்த இளைஞர். டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அதாவது, குட்டிச் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்த காலத்தில் அதே ராணுவத்தில் இருந்தவர்!

கி.பி. 41, ஜனவரி 24. அரண்மனையில் ஒரு குறுகலான நடைபாதை. காலிகுலா வந்தார். முதல் வெட்டு கேரியாவுடையது என்கிறார்கள்.

அன்று இரவு செனட் கூடியது. இனி சக்கரவர்த்தியே வேண்டாம், பழையபடி குடியரசு என்று ஆவேசமாகப் பேசினார்கள். வழக்கம்போலக் கேரியா போய் நின்று அடையாளச் சொல் கேட்டார். இந்த முறை கான்சல்களிடம். அவர்கள் கொடுத்த சொல் ‘சுதந்திரம்’. கேரியா அதை வாங்கிக்கொண்டு போய்ப் படைகளுக்குச் சொன்னார்.

மறுநாளே நிலைமை தலைகீழ். அரண்மனைத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸை இழுத்து வந்து சிப்பாய்கள் சக்கரவர்த்தி ஆக்கிவிட்டார்கள். சக்கரவர்த்தியைக் கொன்றவரை விட்டுவைத்தால் அடுத்த சக்கரவர்த்திக்குத் தூக்கம் வருமா? கேரியாவுக்கு மரண தண்டனை. காலிகுலாவை வெட்டிய அதே வாளால் தன்னை வெட்டும்படி கேட்டுக்கொண்டார் என்று ஜோஸஃபஸ் எழுதுகிறார். ஒரே வெட்டில் முடிந்ததாம்.