உரத்து வாசித்தலும் உருசியப் பெயர்களின் தமிழ் ஒலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில்களிற் புராணம் படிக்கப்படும் முறை தனித்துவம் வாய்ந்தது. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்தை ஒருவர் இராகத்துடன் வாசிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் பயன் சொல்வார். வாசிப்பவர் செய்யுளைச் சந்தி பிரித்துச் சொல் சொல்லாக எடுத்துக் கொடுத்தாலன்றிப் பயன் சொல்பவர் மேற்செல்ல இயலாது. கேட்டிருப்போருள் எழுத்தறியாதாரும் உளர். ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டே புராணம் முழுவதையும் அறிந்தாரும் உளர். ஆதலின், படிப்பவர் ஓரிடத்தில் இடறினால் அவ்விடறல் சபையில் மறைவதில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் எனக் குறித்தமை பலரும் அறிந்தது. நூலைக் கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் உரியதாகக் கொண்டமை அக்கலாசாரத்தின் ஒரு கூறாகும். இக்கூறு போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே கூறவேண்டும்.

செவிவழி நூற்பயிற்சி புதிய கருவிகளின் துணையுடன் உலகெங்கும் மீண்டும் தலையெடுத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் ஹியூ மக்குவயர் என்பவர் லிப்ரிவொக்ஸ் என்னும் முயற்சியைத் தொடங்கினார். பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களைத் தொண்டர்கள் தத்தம் வீடுகளில் இருந்தவாறே வாசித்துப் பதிவு செய்து, யாவர்க்கும் இலவசமாக வழங்குவது அதன் நோக்கம். ஒருவர் வாசித்ததை மற்றொருவர் கேட்டுப் பிழை பார்ப்பார். ஏறக்குறைய நம் படிப்பவர்–பயன் சொல்பவர் இணையை நினைவூட்டும் ஒழுங்கு இது. அதே 2005இல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகத் திட்டமும் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த மண்ணில், ஏட்டைக் காப்பதே முதற்கடமையாகக் கொள்ளப்பட்டமை இயல்பே. ஆனால் காக்கப்பட்ட ஏட்டைக் கண்ணாற் படிக்க இயலாதவர்க்கு அதனைக் குரலாக்கித் தருதல் வேறொரு பணி. அப்பணியிற் புகுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் ஒன்றே ஈண்டு ஆராயப்படுகிறது.

தனக்குள் வாசிப்பவர் அறியாத பெயரொன்றைக் கண்டால் அதன் வடிவத்தை மட்டும் மனத்திற் பதித்துக்கொண்டு கடந்துவிடலாம். பெருநாவல்களின் உருசியப் பெயர்களை உலகெங்கும் வாசகர் கடந்து செல்வது இவ்வாறுதான். உரத்து வாசிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் அப்பெயரை ஏதோவொரு வகையில் ஒலித்தே ஆகவேண்டும். பார்வையற்ற கேட்போருக்கு அவ்வொலியே பெயர். கொன்ஸ்ரன்ஸ் கார்னெற் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வாசித்த லிப்ரிவொக்ஸ் தொண்டர்களுக்கும் இத்தொல்லை இருந்தது. உருசிய மொழியில் ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாகத் தேயும். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதை வழக்கமான உருசிய அச்சு காட்டுவதில்லை. இவானவ் என்னும் குடும்பப்பெயர் பெரும்பாலும் ஈற்றசையில் அழுத்தம் பெறும்; செகாவின் நாடகத் தலைப்பாகிய அதே பெயரோ இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும். எழுத்தில் வேறுபாடு இல்லை.

இனி, இப்பெயர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்த வழியை நோக்குதல் வேண்டும். அவை நேரே வரவில்லை. ஆங்கிலத்தின் வழியே வந்தன. உருசியப் பேரரசனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘ஜார்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. மூலத்தில் அச்சொல் தகரமும் சகரமும் இணைந்த ஒலியுடன் தொடங்குவது. ஆங்கில எழுத்து வடிவமே அதனை ஜகரமாக்கியது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியைப் பாடிய பாரதியும் ‘ஜார்’ என்றே வழங்கினார்.

ஆங்கில ஒலிகளை எழுதுவதில் யாழ்ப்பாணம் தமிழகத்தினின்றும் வேறுபட்ட மரபொன்றை வளர்த்துக்கொண்டது. தமிழகத்தார் ‘டாக்டர்’ என எழுத, இங்குள்ளோர் ‘டொக்டர்’ என எழுதினர். தமிழகத்தார் ‘பீட்டர்’ என்றதை இங்குள்ளோர் ‘பீற்றர்’ என்றனர். இது வெறும் விருப்பு வெறுப்பன்று. ‘காற்று’, ‘சோற்றை’ முதலிய சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் நுனிநாவை மேல்வாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் ஒற்றி ஒலிக்கின்றனர். ஆங்கிலேயரின் ‘ரீ’ என்னும் எழுத்தொலியும் அவ்விடத்திலேயே பிறக்கிறது. செவி நுண்மையாற் பிறந்த எழுத்துமுறை எனலாம். ஆயினும் சொல்லின் முதலில் இவ்வொலி வரும்போது ரகரமே இட நேர்ந்தது. அதனாற் போரும் சமாதானமும் எழுதிய பேராசிரியர் ‘ரோல்ஸ்ரோய்’ ஆனார். இவ்வடிவத்தை மரபறியாத தமிழகத்து வாசகர் ஒருவர் உரத்துப் படித்தால், கேட்போர் எவரைப் பற்றிய பேச்சென்று திகைப்பர்.

விந்தை யாதெனின், இத்துணை நுண்மையும் இப்பெயருக்குத் தேவைப்படவில்லை. உருசியத் தகரம் ஆங்கிலத்ததைப் போன்று மேட்டொலியன்று. நம் தகரம் போன்ற பல்லொலி. ஆங்கிலத்துக்கென வகுத்த உடையை உருசியருக்கு அணிவித்ததே பிழை. அதேவேளை, ‘தாய்’ நாவலின் ஆசிரியரைத் தமிழகம் ‘கார்க்கி’ என்றெழுத, ஈழத்து ஏடுகள் ‘கோர்க்கி’ என்றெழுதின. இங்கு ஒகர ஒலியைப் பேணும் ஈழத்து மரபே மூலத்துக்கு அண்மையது. ஒரே மரபு ஒரு பெயரிற் பிழைத்து மற்றொரு பெயரில் வென்றது.

ஆங்கிலத்தைத் தவிர்த்த வழியொன்றும் இருந்தது. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் இராதுகா பதிப்பகமும் உருசிய நூல்களைத் தமிழில் வெளியிட்டன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் அங்கு மொழிபெயர்ப்புப் பணி ஆற்றினர். குறைந்த விலைக்கு விற்கப்பட்ட அந்நூல்கள் குடாநாட்டு மாணவர் பலரின் கைகளிலும் தவழ்ந்தன. அவற்றின் அட்டையில் ‘லேவ் தல்ஸ்தோய்’ என்றும் ‘தஸ்தயேவ்ஸ்கி’ என்றும் இருக்கக் கண்டு நகைத்தவரும் உண்டு. ஆயின் அவ்வடிவங்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தல்ஸ்தோய் என்பதில் அழுத்தம் பெறாத முதலசையின் ஒகரம் அகரக் குறிலாயிற்று; அழுத்தம் பெறும் ஈற்றசை நெடிலாயிற்று. தஸ்தயேவ்ஸ்கி என்பதிலும் அழுத்தம் விழும் அசையே ‘யே’ என நெடில் பெற்றது. உருசிய அச்சும் ஆங்கில அச்சும் காட்டாத அழுத்தத்தைத் தமிழின் குறில் நெடில் வேறுபாடு காட்டிவிடுகிறது. தமிழெழுத்துப் பிறமொழிப் பெயர்களுக்குப் போதாது என்று முறையிடுவோர் இதனைக் கருதுவதில்லை.

இவ்வளவைகொண்டு பிற பெயர்களையும் ஆராயலாம். ‘துர்கேனிவ்’ என்பதில் நெடில் உரிய இடத்திலேயே உள்ளது. ‘கரமசோவ்’ என்பதிலோ நெடில் இடம் மாறியுள்ளது. அழுத்தம் மூன்றாம் அசையில் விழுவதால் ‘கரமாஸவ்’ என்பதே பொருந்தும். ‘செகாவ்’ என்னும் வழக்கும் அத்தகையதே. மூலத்தில் அழுத்தம் முதலசைக்குரியது. ஈற்று வகரமும் ஃப் என மெலிந்தே ஒலிக்கும். ஆனால் இடையிலுள்ள ககரத்துக்குத் தமிழன் அஞ்சவேண்டியதில்லை. ஆங்கிலேயர் இடர்ப்படும் அவ்வுரசொலி, ‘அகம்’, ‘முகம்’ எனச் சொல்லும்போது நம் தொண்டையில் இயல்பாக எழும் ஒலிக்கு மிக அண்மையது. அவ்வெழுத்தாளர் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890இல் இலங்கைக்கு வந்தவர். ‘கூசெவ்’ என்னும் சிறுகதையைக் கொழும்பில் எழுதத் தொடங்கியவர். இந்நாட்டில் அவர் பெயரேனும் செவ்வனே ஒலிக்கப்படுதல் தகும்.

உருசியர் நாவை உள்ளிழுத்து, இதழ் குவியாது ஒலிக்கும் உயிரொன்று உண்டு. அதனைப் பயில மேனாட்டார் பெரிதும் முயல்வர். தொல்காப்பியர் காலம் முதல் இலக்கணிகள் விதந்தோதிய குற்றியலுகரத்தை ஒலிக்கும் நாவுக்கு அது முற்றிலும் அந்நியமன்று.

எல்லாம் எளிதென்று கூறுதல் பொருந்தாது. தஸ்தயேவ்ஸ்கியின் முதலெழுத்தும் தல்ஸ்தோயின் முதலெழுத்தும் தமிழில் ஒன்றே. முன்னது மெலிந்த ஒலி, பின்னது வலிந்த ஒலி. கோகலும் கோர்க்கியும் மெலிந்த ககரத்துடன் தொடங்குவர். எழுத்து இவற்றைக் காட்டாது. வாசிப்பவர் முன்னரே அறிந்து ஏட்டின் ஓரத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆங்கில அகராதியைத் துணைக்கொள்வோர்க்கு மற்றொரு பொறி உளது. நம் ழகரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் இணைத்தெழுதும் ஈரெழுத்துகளே உருசியத்தின் உரசும் ஜகரத்தையும் குறிக்கின்றன. சிவாகோ என்னும் மருத்துவரின் பெயரை ழகரமிட்டுத் தொடங்கும் தவறு இதனால் நேர்வது.

பிறமொழிப் பெயரைத் தமிழ் ஒலிக்கு இயைய மாற்றிக்கொண்டால் என்னை என வினவலாம். வடசொல் தமிழிற் புகும்போது வடவெழுத்தை நீக்கவேண்டும் என விதித்தவர் தொல்காப்பியர். அவ்விதியின் பயனாகவே கந்தபுராணப் பெயர்கள் படிப்போர் நாவில் இடறுவதில்லை. விவிலியத்தின் ‘பேதுரு’வும் அவ்வாறு தமிழ்மயமானவரே. ஆனால் தேவாலயத்திற் பேதுருவின் நிருபத்தை வாசிக்கக் கேட்கும் குடும்பம் தன் மகனைப் பீற்றர் என அழைக்கிறது. உருசியக் கதையில் அவனே பியோத்தர் ஆகிறான். மூன்று வழியாக வந்த ஒரே பெயர் மூன்று மனிதரைக் குறிக்கிறது. தமிழ்மயமாக்கல் நெடுங்காலப் பழக்கத்தால் நிலைபெறுவது. பதிவு செய்யும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதிற் செய்து முடிக்கத்தக்கதன்று. நிலைத்துவிட்ட வடிவத்தை ஏற்பதும், நிலையாதவற்றில் மூலத்தின் அழுத்தத்தைப் பேணுவதும், ஒரு நூல் முழுவதும் ஒரே ஒலியைக் கடைப்பிடிப்பதும் அவர் கைக்கொள்ளத்தக்க நெறிகள். கேட்போர் பக்கத்தைப் புரட்டி, முன்னர் வந்தவனும் இவனும் ஒருவனா எனச் சரிபார்க்க இயலாது.

இவ்விடத்து உரிமை பற்றிய தடையொன்றும் எழுகிறது. செகாவ் 1904இலும் தல்ஸ்தோய் 1910இலும் மறைந்தனர். அவர்தம் மூலங்கள் பொதுவுடைமை. மொழிபெயர்ப்போ தனி உரிமை உடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் மறைவுக்குப்பின் 70 ஆண்டுகள் உரிமையைப் பேணுகிறது. ஆகவே பெயரொலியிற் சிறந்து நிற்கும் மொஸ்கோ மொழிபெயர்ப்புகளை ஒலிநூலாக்கிப் பொதுவில் வழங்குவதற்கு, உரிமையுடையோரைத் தேடி இசைவு பெறவேண்டும். வெளியிட்ட நாடே 1991இற் கலைந்துபோன நிலையில் அது எளிதன்று. எஞ்சிய வழி, மூலத்திலிருந்தோ உரிமை நீங்கிய ஆங்கில வடிவத்திலிருந்தோ புதிதாக மொழிபெயர்த்து வாசிப்பது. அவ்வழியிற் செல்பவர் முதற்பக்கத்தில் ஆசிரியர் பெயரை எழுதும்போதே, ரோல்ஸ்ரோய் என்பதா தல்ஸ்தோய் என்பதா எனத் தீர்மானிக்க வேண்டியவராகிறார்.