குளிர்காலத்தை விற்ற நகரம்

2024ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பகுதியிலுள்ள பீனிக்ஸ் என்னும் நகரத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அந்நகரம் சொனோராப் பாலைவனத்தின் நடுவே அமைந்தது. அங்குள்ள பழைய கால்வாய்களைப் பற்றிப் படிப்பதே என் நோக்கம். மார்கழி மாதமாயிற்றே, பாலைவனத்து இரவுகள் கடுங்குளிராய் இருக்குமே என்று அஞ்சி, கனத்த கம்பளிச் சட்டை ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சென்றேன். அச்சட்டை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. டிசம்பரில் அவ்வூரின் பகல் வெப்பம் பாரன்ஹீட் 66 பாகையளவில், அதாவது செல்சியஸ் 19 பாகையளவில் இருப்பது வழக்கம். நான் இருந்த நாட்களிலோ பட்டப்பகலில் நிழல் தேடித் தெருவோரமாக நடக்க வேண்டியிருந்தது.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எண்பது வயதைக் கடந்தவர். கால்வாய் நீரை மடை திறந்து முறைவைத்துப் பங்கிடும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பணியாளரை அவ்வூரில் ‘சாஞ்செரோ’ என்னும் ஸ்பானியச் சொல்லால் அழைக்கின்றனர். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்கிறோமே, அவரேதான். “எங்கள் ஊர் கோடையைப் பொறுத்துக்கொண்டதெல்லாம் குளிர்காலத்தை நம்பித்தான்” என்று ஒருநாள் அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்நகரின் வரலாற்றைப் படித்தபோது, அதுவரை தெரியாத பலவும் எனக்கு விளங்கின.

அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் கால்வாய் வெட்டியவர்கள் வெள்ளையர் அல்லர். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னரே, ஹோஹோகம் என்று அறிஞர் குறிப்பிடும் பழங்குடியினர், இரும்புக் கருவியோ இழுவை விலங்கோ இன்றி, கல்லும் மரமும் கொண்டே பல நூறு மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் அகழ்ந்து சோளமும் பருத்தியும் பயிரிட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் அவ்வூர்கள் கைவிடப்பட்டன. 1867இல் ஜாக் ஸ்விலிங் என்பவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அப்பழைய கால்வாய்த் தடங்களையே தூர் வாரத் தொடங்கினார். அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்னும் பொருளில், கிரேக்கப் புராணத்துப் பறவையின் பெயரை அதற்குச் சூட்டியவர் டாரல் டுப்பா என்பர். பழங்குடியினரின் வழிவந்த ஓதாம் மக்கள் அப்போதும் அருகிலேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களைப் பொறுத்தவரையில் எதுவும் சாம்பலாகிவிடவில்லை!

பின் வந்தவர்கள் அவ்வூரில் விளைவித்து விற்ற பொருள்களுள் விந்தையான ஒன்று உண்டு. அரிசோனா மாநிலத்தின் செல்வங்கள் ஐந்து என்று அங்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர்: செம்பு, கால்நடை, பருத்தி, ஆரஞ்சு முதலான பழங்கள், ஐந்தாவதாகத் தட்பவெப்பம். தட்பவெப்பத்தை விற்பதா என்று வியக்க வேண்டாம். 1887இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும், காசநோயாளர்கள் வறண்ட காற்றையும் குளிர்கால வெயிலையும் நாடி வந்து குவிந்தனர். வசதியற்றவர்கள் ஊருக்கு வடக்கே சன்னிஸ்லோப் என்னும் இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கினர். அவர்களுக்குப் பின் செல்வர்கள் வந்தனர். வடக்கு மாநிலங்கள் பனியில் புதைந்திருக்கும் மாதங்களில் இங்கு இளவெயிலில் காய்வதற்காக 1929இல் பில்ட்மோர் போன்ற பெரும் விடுதிகள் எழுந்தன.

கோடையோ வேறு கதை. வசதியுள்ளோர் பெண்டு பிள்ளைகளைப் பிரெஸ்காட் மலைப்பகுதிக்கு அனுப்பினர். ஏனையோர் திறந்த தாழ்வாரங்களில் ஈரப் போர்வை போர்த்திப் படுத்தனர். கட்டிற்கால்களைத் தகரக் குவளைகளில் நிறுத்தி, பூச்சி ஏறாமல் அவற்றில் நீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்தனர். நான்கு மாதம் இவ்வாறு வாடிய உடம்பு ஐப்பசிக்குப் பின் தேறியது. 1913ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அந்நகரில் வெப்பநிலை பாரன்ஹீட் 16 பாகை வரை, அதாவது உறைநிலைக்கும் கீழே செல்சியஸ் 9 பாகை வரை இறங்கிற்று. பனி விழும் இரவுகளில் ஆரஞ்சுத் தோப்புகளில் எண்ணெய் அடுப்புகளை எரியவிட்டு மரங்களைக் காத்த நினைவு வீட்டுக்காரருக்கு இருந்தது.

1930களில் கோடைக்கு ஒரு மாற்று கிட்டியது. நம் நாட்டு வெட்டிவேர்த் தட்டியின் தத்துவமே அது: நனைந்த மரச்சீவலின் ஊடே விசிறியால் காற்றை இழுத்து அறைக்குள் செலுத்துவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளிர்சாதனப் பெட்டிகள் வீடுதோறும் வந்தன. அதனால் நேர்ந்ததை மக்கள்தொகைக் கணக்கே காட்டும். 1940இல் 65,414 பேர் வாழ்ந்த ஊரில் 1960இல் 4,39,170 பேர் இருந்தனர். 2020இல் அத்தொகை 16,08,139. தோப்புகள் வீட்டு மனைகளாயின. கால்வாய்க் கரைகளில் நின்ற நிழல் மரங்கள் பெரும்பாலும் போயின. மண்தரை தாராகவும் சிமெண்டாகவும் மாறிற்று.

இங்கேதான் என் நீர்க்கட்டியின் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. பாலை மணல் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் விரைவாக வானுக்கு விட்டுவிடும். தாரும் சிமெண்டும் அதை விடியும்வரை வைத்திருந்து சிறிது சிறிதாகவே விடும். குளிர்சாதனப் பெட்டியும் வெப்பத்தை அழிப்பதில்லை. வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குத் தள்ளுகிறது. இவ்வாறு தள்ளப்படும் வெப்பத்தால் மட்டுமே அந்நகரின் கோடை இரவு செல்சியஸ் ஒரு பாகைக்கு மேல் சூடேறக்கூடும் என அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டுக் காட்டினர். உலகமே சூடேறிவரும் இக்காலத்தில் ஊரின் சூடும் அதனோடு சேர்ந்துகொண்டது. 2023 ஜூலை 19 அன்று இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே 97 பாகை, அதாவது செல்சியஸ் 36! அவ்வாண்டில் நகரம் அடங்கிய மாரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் நேர்ந்த மரணங்கள் 645. மாண்டவருள் பலர் கூரையற்றவர்கள்.

குளிர்காலத்தில் வெயில் ஏறுவது புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1971 ஜனவரி 19ஆம் நாளிலேயே அங்கு 88 பாகை, செல்சியஸ் 31, பதிவாகியுள்ளது. அத்தகைய நாள் அன்று ஒரு வேடிக்கை. மறுவாரம் குளிர் திரும்பிவிடும். இன்று மாறியிருப்பது இரவு. அண்மைக் குளிர்காலங்கள் பலவற்றில் விமான நிலையத்து வெப்பமானி உறைநிலையைத் தொடவேயில்லை.

வெயிலில் காய வந்த விருந்தினர் இதனால் வருந்தியதாகத் தெரியவில்லை. விடுதியின் நீச்சற்குளத்தருகே நான் கண்டவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தனர். அவர்கள் பருகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இடர் புலப்படும். ஊருக்கு வடக்கும் கிழக்குமாக உயர்ந்த மலைகள் உள்ளன. குளிர்காலத்தில் அங்குப் பெய்யும் பனி, வேனில் தொடக்கத்தில் மெல்ல உருகி, உப்பாறு எனப் பொருள்படும் சால்ட் ஆற்றிலும் வெர்டே ஆற்றிலும் இறங்குகிறது. அந்நீரைத் தேக்கவே 1911இல் ரூஸ்வெல்ட் அணை திறக்கப்பட்டது. மழையும் பனியும் பொய்த்தால் தேக்க நீரில்லை. சூடான காற்றோடு வரும் மழை பனிமேல் பெய்தாலோ அனைத்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். 1980 பிப்ரவரியில் பெருமழையால் சால்ட் ஆறு பெருகியபோது, நகரத்தில் போக்குவரத்துக்கு எஞ்சியவை இரண்டே பாலங்கள். அணையைப் பின்னர் மேலும் உயர்த்திக் கட்டி 1996இல் முடித்தனர். கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனத்தின் ஊடே 336 மைல் கால்வாய் வெட்டியும் நீர் கொணர்ந்தனர். அந்த ஆற்றுக்கும் தாய் மலைப்பனியே. 2021இல் அதற்கு முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு இக்கால்வாய்க்குரிய பங்கு குறைக்கப்பட்டது.

நான் தங்கியிருந்த காலத்தில் நகரத்தில் மழையே இல்லை. 2024 ஆகஸ்டு 22க்குப் பின் அளக்கத்தக்க மழை பெய்தது 2025 ஜனவரி இறுதியில்தான். நகராட்சி கைகட்டி நிற்கவில்லை என்பது உண்மை. 2021இல் வெப்பத்தை எதிர்கொள்வதற்கென்றே தனி அலுவலகம் ஒன்றை நிறுவிற்று, சாலைகளில் வெளிர்நிறப் பூச்சு பூசுகிறது, மரங்கள் நடுகிறது. வேரூன்ற வேண்டிய மரத்துக்கும் தண்ணீர் வேண்டுமே என்றார் வீட்டுக்காரர்.

அவர் வீட்டுத் தோட்டத்துக்கு இன்றும் பழைய முறைப்படியே கால்வாய் நீர் பாய்கிறது. ஜனவரியில் ஓர் இரவு இரண்டு மணிக்கு அவருடைய முறை வந்தது. என்னையும் எழுப்பி அழைத்துச் சென்றார். கைவிளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு மடையின் திருகைத் திறந்தார். நீர் புல்தரையில் பரவி ஆரஞ்சு மரங்களின் அடியைச் சூழ்ந்தது. தாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஜனவரி மாதத்தில் இந்நேரத்துக்கு மடைக்கதவின் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும் என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். தமக்குரிய நேரம் முடிந்ததும் மடையை மூடினார். அடுத்த வீட்டுக்காரர் தம் மடையருகே விளக்கோடு காத்திருந்தார். அவர் அரைக்கைச் சட்டைதான் அணிந்திருந்தார்.