சிசேரியனுக்குப் பின் வரும் நடுக்கம்

சிசேரியன் முடிந்த தாய்க்குக் கைகால் நடுங்கினால், உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் முதியோர் ‘ஜன்னி’ என்று அஞ்சுவர். பெரும்பாலும் அது முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசியின் விளைவே.

1898-இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டு நீரில் கோகைன் செலுத்தி இம்முறையைத் தொடங்கினார். 1900-இல் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் கிரைஸ் இதைப் பிரசவத்தில் கையாண்டார். மரத்த பகுதியில் இரத்தக்குழாய்கள் விரிவதால் உள்வெப்பம் தோல்வழியே வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யவே உடல் நடுங்குகிறது. நடுக்கம் தையலை இழுத்து வலியையும் கூட்டும்.

வெதுவெதுப்பான சலைனும் கம்பளியும் நடுக்கத்தைத் தடுக்க உதவும். மீறி வந்தால், 1930களின் இறுதியில் உருவான பெத்திடின் சிறிதளவே அதை அடக்கும். 1979-க்குப் பின், முதுகு ஊசியிலேயே மிகச் சிறிதளவு மார்ஃபின் சேர்த்து ஏறத்தாழ ஒரு நாள் வலியைக் குறைக்கும் முறை பரவியது.

விழிப்புடன் இருக்கும் தாயின் இந்நடுக்கம் சில மணி நேரத்தில் தணியும். நினைவு தவறி வலிப்பு வந்தாலோ, பின்னர்க் காய்ச்சலுடன் குளிர் கண்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.