வெள்ளைத் தங்கம் பிறந்த கதை

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் என் மோதிரத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. வாங்கும்போது புது எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளத்த வெள்ளைத் தங்கம். உள்ளங்கைப் பக்கம், பைக் ஹேண்டிலிலும் பஸ் கம்பியிலும் உரசுகிற இடம், லேசாகப் பழுத்துவிட்டது. "கவரிங்கா வாங்கினீங்க?" என்றார் மாமியார். பூச்சு போனால் பித்தளை தெரியும் என்பதுதான் நம் ஊர்க் கணக்கு. இங்கே பூச்சு போய்த் தங்கம் எட்டிப் பார்த்தது.

தங்கத்தை வெளுக்க வைக்கும் வேலை யாருக்கு, எதற்கு வந்தது? காரணம் பிளாட்டினம். மஞ்சள் வளையத்தில் வைரத்தைப் பதித்தால் கல்லிலும் மஞ்சள் அடிக்கும், வெள்ளியோ கறுக்கும். பிளாட்டினம் கறுக்காது. ஆனால் தங்கம் 1064 டிகிரியில் உருகினால், அது 1768 டிகிரி கேட்கும். அந்தச் சூட்டுக்கான ஆக்சிஜன் ஊதுவிளக்கு பட்டறைக்கு வந்த பிறகுதான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரீஸ் நகைக்காரர்கள் அதை வளைத்து வளைத்து வேலை செய்தார்கள். அன்றைக்கு உலகப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கத்திலிருந்து வந்தது.

1914இல் போர் மூண்டது. வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும்; அம்மோனியாவை அமிலமாக்கப் பிளாட்டினக் கம்பிவலை வேண்டும். விரலுக்குப் போன உலோகம் குண்டுக்குப் போயிற்று. 1917 புரட்சியில் ரஷ்யச் சரக்கும் தடைபட்டது. வாடிக்கையாளருக்கு மட்டும் வெள்ளை மோகம் விடவில்லை. நியூயார்க்கில் டேவிட் பெலே போன்ற நகைக்காரர்கள் தங்கத்திலேயே வெள்ளையைத் தேடினார்கள்.

சூட்சுமம் கலப்படத்தில்தான். நம் ஆசாரி செம்பைக் கூட்டினால் தங்கம் சிவக்கும். நிக்கலும் துத்தநாகமும் சேர்த்தால் மஞ்சள் வடியும். முழுக்க வடியாது, வைக்கோல் சாயல் மிஞ்சும். அதை மறைக்கத்தான் பிற்பாடு ரோடியம் பூச்சு வந்தது. நிக்கல் சேர்ந்த தங்கம் கெட்டி, ஆனால் முரடு. அளவு மாற்ற வளைத்தால் விரிசல் விடக்கூடும். சிலருக்கு விரல் அரிக்கும். பலேடியம் கலந்தது அரிக்காது. நிறம் கொஞ்சம் சாம்பல், விலை கூடுதல்.

18K750 என்ற ஹால்மார்க், நாலில் மூன்று பங்கு தங்கம் என்று சொல்லும். மீதிக் கால் பங்கு நிக்கலா, பலேடியமா என்று சொல்லாது. அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பிறகு அளவு மாற்ற வளைத்தால் விரிசல் பயம் உண்டே, அதனால் அளவையும் முதலிலேயே சரி பாருங்கள். பட்டையான வளையம் என்றால் சாயங்காலம் விரல் சற்று உப்பியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். ஒல்லி வளையம் நுழைந்த அதே அளவில் அது இறுக்கும்.

கடையில் மறுபூச்சுப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்று எடுத்து வந்துவிட்டேன். மாமியார் இன்னும் நம்பவில்லை.