பெட்டிக்குள் ஜூடி இல்லை

குழந்தை உளவியலின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலிருந்தே எழுதப்படுகிறது. நான் தெருவிலிருந்து தொடங்குகிறேன். 1662 மே மாதம் லண்டன் கோவென்ட் கார்டனில் இத்தாலியப் பாவைக்கூத்து ஒன்றைப் பார்த்ததாக சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்த மரபில் வந்தவன்தான் பன்ச். பின்னாளில் கையுறைப் பாவையாகி, மனைவி ஜூடியோடு தெருமுனைகளிலும் கடற்கரைகளிலும் அடிதடி நடத்தினான். முதலை பின்னால் வரும், அவனுக்குத் தெரியாது. பிள்ளைகள் 'பின்னாடி பாரு!' என்று கத்துவார்கள். கத்தல் இல்லையென்றால் கூத்தும் இல்லை.

எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்று அறிந்தவர்தானே எச்சரிக்க முடியும்? பியாஜே 1920களில் எழுதியதோ வேறு: சிறு குழந்தை தன் பார்வைக்குள்ளேயே அடைபட்டது.

1978இல் சிம்பன்சிக்குப் பிறர் மனம் புரியுமா என்ற விவாதம் எழுந்தது. அதில் டேனியல் டென்னெட் என்ற தத்துவவாதி பன்ச்சைத்தான் சாட்சிக்கு அழைத்தார். ஜூடி பெட்டியிலிருந்து நழுவிவிட்டாள். அதை அறியாமல் பன்ச் பெட்டியை மலையுச்சியிலிருந்து உருட்டிவிடத் தயாராகிறான். பிள்ளைகள் குதூகலத்தில் கூச்சலிடுகிறார்கள். அவன் நம்புவது பொய் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1983இல் விம்மரும் பெர்னரும் இதைச் சோதனையாக்கினார்கள். மாக்ஸி சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான், அம்மா வேறொன்றுக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? நான்கு வயதுக்குக் கீழானவர்கள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். பக்கத்துப் பிள்ளை கத்துவதால் தானும் கத்தலாமே என்ற ஐயத்துக்குத் தனியே கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பார்வையாளராக இருந்த குழந்தை இங்கே பரீட்சை எழுதுபவராகிவிட்டது.

1985இல் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் சாலி, ஆன் என்ற இரு பொம்மைகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். 16 பேர் தவறாகச் சொன்னார்கள். டவுன் நோய்க்குறி உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னதால் முடிவுக்கு வலு கூடியது. பத்தே ஆண்டில், 1995இல், 'மனக்குருடு' என்பது ஆய்வாளர் ஒருவருடைய நூலின் தலைப்பாயிற்று. சரியாகச் சொன்ன அந்த 4 பேர்? அவர்கள் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போனார்கள்.

1994இல் கிளெமென்ட்ஸும் பெர்னரும் கண்டது முக்கியம். மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகள் பலர் வாயால் தவறான இடத்தைச் சொன்னார்கள், கண்ணோ சரியான இடத்துக்குப் போயிற்று. கேள்விக்குப் பதில் சொல்வதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. 2012இல் டாமியன் மில்ட்டன், தானே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர், எதிர்க்கேள்வி வைத்தார்: புரியாமை இரு பக்கமும்தான் இருக்கிறது, குறை மட்டும் ஏன் ஒரு பக்கத்தின் பேரில் எழுதப்படுகிறது?

இது உளவியலுக்கு எதிரான வாதம் அல்ல. எந்தச் சோதனையும் ஓர் அரங்கம்தான். அங்கே கதை சொல்கிறவர் யார், கேள்வி கேட்கிறவர் யார், யார் வாய் திறக்கலாம் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கிடைத்த விடையைக் குழந்தையின் இயல்பு என்று எழுதும்போது இந்தத் தீர்மானங்கள் மறைந்துபோகின்றன. ஒரு பிள்ளைக்கு 'இது இல்லை' என்று சான்றிதழ் எழுதுகிறவர், அந்தப் பிள்ளை கத்துவதற்கு இடம் கொடுத்தாரா என்பதையும் அதில் எழுதட்டும்.