தோற்றுப்போன மல்லன்

மரிஸா மேயரின் 'சிண்டர்' (2012) நாவலைத் தேசிய சேவை நாட்களில் முகாம் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன். அதில் சிண்ட்ரெல்லா இயந்திரக் கால் வைத்த ஒரு மெக்கானிக். சந்தையில் கடை போட்டு ரோபோக்களைப் பழுது பார்ப்பவள். கண்ணாடிச் செருப்புக்குப் பதில் காலே கழன்று விழும். பொறியியல் படிக்கப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்! நம்ம ஊர்க் கதை ஒண்ண யாராவது இப்படித் திருப்பிப் போட மாட்டாங்களா என்று அப்போதே தோன்றியது.

எனக்குத் தெரிந்த ஊர்க்கதை பாடாங். மீன் பிடிக்கும் ஓர் அடிமை, தன் மீனைத் திருடித் தின்னும் பேயைப் பிடித்து, அதன் வாந்தியைத் தின்று பலசாலி ஆகிறான். (வாந்தி என்றதும் வகுப்பே கத்தும். அதனாலேயே கதை மறக்கவில்லை.) சிங்கப்பூர் அரசனிடம் சேர்கிறான். ஏழு கப்பல்களைப் பந்தயம் வைத்து ஒரு வெளிநாட்டு மல்லன் வருகிறான். பெரிய பாறையை முழங்கால் வரைதான் அவனால் தூக்க முடிகிறது. பாடாங் அதைத் தூக்கி ஆற்றின் முகத்துக்கு எறிகிறான். கப்பல்கள் போயின, கதை முடிந்தது.

அந்த மல்லன் யாருன்னு சின்ன வயதில் நான் கேட்கவே இல்லை. பல்கலைக்கழக நாட்களில் 'செஜாரா மெலாயு'வின் ஜான் லெய்டன் மொழிபெயர்ப்பு (1821) கிடைத்தது. பெயர் நாடி விஜய விக்ரமன். ஊர், கெலிங் நாடு. கலிங்கத்திலிருந்து வந்த சொல் அது. பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியக் கரையைக் குறிக்கும். அட, நம்ம ஆளு!

இன்று அதே சொல்லால் நம்மைத் திட்டுகிறார்கள். இந்த நூலில் அதில் வசை கிடையாது. கெலிங் அரசன் பேரரசன். சிங்கப்பூர் அரச வம்சமே ராஜா சூலான் வழியில் வந்ததாகத்தான் நூல் சொல்கிறது. அந்தப் பெயரில் சோழன் ஒலிப்பதைக் கேட்க ஆராய்ச்சி வேண்டியதில்லை.

பாடாங் எறிந்த பாறை என்று சொல்லப்பட்ட கல்லும் இங்கே இருந்தது. ஆற்று முகத்தில், இன்றைய ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம், சுமார் 3 மீட்டர் உயரம், 50 வரி எழுத்து. 1843இல் ஆற்று வாயை அகலமாக்க வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேலையைச் செய்தவர் குடியேற்றப் பொறியாளர். என் தொழில்காரர், என்ன சொல்வது. மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. மழை இல்லையென்றால் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம்.

எழுத்தை இன்னும் யாரும் முழுசாகப் படித்ததில்லை. 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று வாசித்து, 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். ஊகம்தான். ஆனால் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படை அனுப்பிய ராஜேந்திரனும் ஒரு பரகேசரி. வாட்ஸ்அப் குழுக்களுக்கு இது போதும், 'சிங்கப்பூரை ஆண்ட தமிழன்' என்று காலை வணக்கத்தோடு வந்துவிடும்.

எனக்கு அந்த நாவல் வேண்டாம். வென்றவன் கதை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கப்பல் ஏழையும் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவனுக்கு அரசவையில் என்ன நடந்தது? அதை எழுதினால் நம் பதினைந்து வயதுக்காரர்கள் படிப்பார்கள்.

லெய்டனில் இன்னொரு சின்னச் செய்தி உண்டு. நெடுநாள் கழித்துப் பாடாங் இறந்ததும், தோற்ற கெலிங் அரசன் அவன் கல்லறைக்கு இரண்டு கல்தூண்கள் அனுப்பினான். அவற்றைக் கப்பலில் கொண்டுவந்தது யாருன்னு நூல் சொல்லவில்லை. விக்ரமனே வந்திருந்தால்?